இரண்டு முறை வரும் பெயர்

எங்கள் பள்ளிக்கூட ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு படத்தின்மேல் மவுஸின் வலது பட்டனை அழுத்தி 'ஓப்பன் வித்' என்று போனால், பந்தியில் ஒரே ஆள் மூன்று இலை பிடித்து வைத்ததுபோல ஒரே மென்பொருளின் பெயர் மூன்று தடவை வரும். நான் அதைக் கவனித்ததே கிடையாது. மேலே இருப்பதை அழுத்துவேன். திறந்தால் சரி, திறக்காவிட்டால் அடுத்ததை அழுத்துவேன். எட்டு வருஷம் அப்படித்தான் ஓடியது. கம்ப்யூட்டர் மிஸ் புதிதாகச் சேர்ந்த வாரம், ஏதோ பிரிண்ட் எடுக்க என் மேசைக்கு வந்தவள் அந்த மெனுவைப் பார்த்துவிட்டு "அய்யய்யோ, என்னக்கா இது!" என்றாள். சேலையில் ஏதாவது கறை பட்டுவிட்டதா என்று நான் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

"இது மூணும் ஒண்ணுதானே? எதுக்கு மூணு?"

"அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே. நாம என்ன அதுக்குச் சோறா போடறோம்?"

"இல்லக்கா, ஒண்ணு போதும்" என்று என் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கையில் மாற்றுச் சான்றிதழ் விண்ணப்பங்களோடு நான் நின்றுகொண்டிருந்தேன். வெளியே நாலு பெற்றோர் காத்திருந்தார்கள். என்ன திமிர் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

அவள் செய்ததைச் சொல்கிறேன். அந்த மெனுவில் இருக்கும் ஒவ்வொரு பெயரும் எந்த ஃபோல்டரைக் காட்டுகிறது என்று முதலில் பார்த்தாள். பிறகு அந்த ஃபோல்டருக்கே போய், மென்பொருள் அங்கே உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்த்தாள். புதியதைப் போடும்போது பழையதன் பெயர் போகாமல் ஒட்டிக்கொண்டிருக்குமாம். யாராவது பென் டிரைவிலிருந்து ஒருமுறை ஓட்டிப் பார்த்திருந்தால்கூட அதன் பெயரும் வந்து உட்கார்ந்துகொள்ளுமாம். "ஆளு வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டான்க்கா. வாசல்ல பேர்ப் பலகை மட்டும் தொங்குது" என்றாள். எதையும் எடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் தன் பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டாள். அப்புறம்தான் ரெஜிஸ்ட்ரி என்று, இந்தப் பெயர்களெல்லாம் பதிந்திருக்கும் ஓர் இடத்துக்குள் போய் ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"அடியே, எதையாவது அழிச்சு வெச்சுடாதே. பிரின்சிபால் என்னைத்தான் கொல்லுவார்."

"பேரைத்தான் எடுக்கறேன், ஆளை எடுக்கல. ஆளு உள்ள பத்திரமா இருப்பான், பயப்படாதீங்க."

அடியே என்று எனக்கு எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. அன்றிலிருந்து நான் அவளை வா, போ என்றே பேச ஆரம்பித்தேன். அவள் கடைசிவரை என்னை வாங்க, போங்க என்றுதான் பேசினாள்.

பிள்ளைகள் அவளுக்கு 'ஒண்ணு மிஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். லேபில் இருந்த முப்பது கம்ப்யூட்டரையும் சனிக்கிழமை சனிக்கிழமையாக உட்கார்ந்து சுத்தம் செய்தாள். ஏதாவது இரண்டு தடவை வந்தால் அவளுக்குப் பல்லில் நார் மாட்டிக்கொண்ட மாதிரி. ஸ்டாஃப் ரூம் சுவரில் இரண்டு கடைகளின் தினக் காலண்டர்கள் பக்கத்துப் பக்கத்தில் தொங்கின. ஒன்றைக் கழற்றி என் ஆபீசில் மாட்டினாள். கேட்டால் "ரெண்டுலயும் இன்னிக்கு ஒரே தேதிதானேக்கா" என்றாள்.

அவள் வீடு இரும்புலியூர், என் வீடு பெருங்களத்தூர். பள்ளிக்கூடம் கேளம்பாக்கம் பக்கம். தாம்பரத்திலிருந்து வண்டலூர் வழியாக வரும் பஸ்ஸில் அவள் முன்னாலேயே ஏறி, பக்கத்து இடத்தில் பையை வைத்து எனக்காகப் பிடித்திருப்பாள். ஒருநாள் பஸ்ஸில் என் போனை வாங்கி எதையோ தேடியவள் விழுந்து விழுந்து சிரித்தாள். என் வீட்டுக்காரர் நம்பர் மாற்றும்போதெல்லாம் நான் புதிதாகச் சேமித்து வைத்திருந்தேன். 'வீட்டுக்காரர்', 'வீட்டுக்காரர் புதுசு', 'வீட்டுக்காரர் 2' என்று வரிசையாக இருந்தது.

"அக்கா, உங்களுக்கு மொத்தம் எத்தனை வீட்டுக்காரர்?"

முன் சீட்டில் இருந்த ஆள் திரும்பிப் பார்த்தான். எனக்கு மானம் போயிற்று. ஆனாலும் அவள் சும்மா எதையும் எடுத்துவிடவில்லை. மூன்று நம்பரையும் ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்து, எடுத்தது என் வீட்டுக்காரர்தான் என்று என்னிடம் கொடுத்துப் பேச வைத்து, அதற்கப்புறம்தான் மற்ற இரண்டையும் அழித்தாள்.

இந்த ஜாக்கிரதை அவளுக்கு ஒரு அடி பட்டு வந்தது. என் மேசைக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்னால், தமிழ் ஐயாவின் கம்ப்யூட்டரில் தட்டச்சு மென்பொருளின் பெயர் இரண்டு தடவை இருக்கிறதென்று ஒன்றை எடுத்திருக்கிறாள். அவள் எடுத்ததுதான் உயிருள்ளது. விட்டுவைத்தது வெறும் பெயர்ப் பலகை. மறுநாள் காலாண்டுத் தேர்வு. ஐயா பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருந்த வினாத்தாளைத் திறக்க முடியவில்லை. "என் வினாத்தாளைக் கொன்றுவிட்டாளே பாவி" என்று அவர் செந்தமிழில் கத்தியது கீழ்த்தளம் வரை கேட்டது. பென் டிரைவில் பிரதி இருந்ததால் பத்து நிமிஷத்தில் திருப்பிக் கொண்டுவந்துவிட்டாள். அன்றைக்குப் பிறகு "இது எங்கேர்ந்து வருது?" என்று கேட்காமல் அவள் எதையும் தொட்டதில்லை.

ஸ்டாஃப் ரூம் வம்பில்கூட அதே கேள்விதான். கணக்கு மிஸ்ஸுக்கும் அவள் புருஷனுக்கும் ஆகவில்லை என்று இரண்டு பேர் தனித்தனியாக வந்து சொன்னார்கள். இவள் விசாரித்துப் பார்த்து, "ரெண்டு பேரும் நம்ம ஸ்கூல் வேன் டிரைவர் அண்ணா சொல்லித்தான் கேட்டிருக்காங்க. அப்போ அது ஒரு சேதிதான், ரெண்டு இல்ல" என்றாள். வம்பு அதோடு செத்தது. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், உண்மையைச் சொல்வதென்றால்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் அது நடந்தது.

பத்தாம் வகுப்பு பொதுத் தேர்வுக்கு மாணவர் பெயர்ப் பட்டியல் அனுப்பும் வேலை என்னுடையது. ஏ பிரிவு, பி பிரிவு இரண்டு வகுப்பு ஆசிரியைகளும் தந்த தாள்களைப் பார்த்து நான் அடித்தேன். நடுவில் பிரிவு மாறிய பிள்ளைகள் இரண்டு பக்கமும் வந்துவிட்டார்கள். "மிஸ், ஒருமுறை பார்த்துக் கொடேன்" என்று அவளைக் கூப்பிட்டேன். அன்றைக்கு ஆபீசில் மீன்கடை மாதிரிக் கூட்டம். நான் ஒரு கையால் முத்திரை குத்திக்கொண்டே மறுகையால் போன் பேசிக்கொண்டிருந்தேன். அவள் மூன்று பெயர்களைச் சொல்லிச் சொல்லிக் கேட்டு எடுத்தாள். மூன்றும் சரிதான். நாலாவதாகக் கேட்டாள்.

"அக்கா, எம்.கன்னியம்மாள் ரெண்டு தடவை வருது. ஒரே அட்ரஸ், ஒரே கதவு நம்பர். பிறந்த தேதி மட்டும் ஒண்ணுல மூணு-பதினொண்ணு, இன்னொண்ணுல பதினொண்ணு-மூணு. பி செக்ஷன் மிஸ் மாசத்தை முன்னாடி போடுவாங்களே, அதனால மாறியிருக்குமா? ஒரே பொண்ணுதானா?"

"ஒரே பொண்ணுதான். எடுத்துடு" என்றேன். தலையை நிமிர்த்தக்கூட இல்லை. என் வாயில் கொள்ளிக்கட்டையைத்தான் வைக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் விஷயத்தில் அவள் யாரையும் நம்ப மாட்டாள். இடத்துக்கே போய்ப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பாள். அன்றைக்கு, பதினெட்டு வருஷமாக இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பெயர்களை எழுதிக்கொண்டிருக்கும் நான் இருக்கிறேனே என்று என்னை நம்பினாள்.

அவர்கள் இரண்டு பெண்கள். ஒருத்தி பிறந்தது நவம்பர் மூன்று, மற்றவள் மார்ச் பதினொன்று. கடற்கரைக் குப்பத்தில் ஒரே வீட்டில் இருக்கும் அண்ணன் தம்பி மகள்கள். அண்ணன் பெயர் மாரி, தம்பி பெயர் மூர்த்தி. இரண்டு பேருக்கும் முதல் பெண் பிறந்தபோது அவரவர் தங்கள் அம்மாவின் பெயரை வைத்தார்கள். பெற்றவள் பெயரை வைப்பதில் அண்ணன் வைத்துவிட்டான் என்று தம்பி விட்டுக்கொடுப்பானா? வீட்டில் ஒருத்தியைக் கன்னி என்றும் இன்னொருத்தியை அம்மு என்றும் கூப்பிட்டு ஒரே பெயரைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தமிழில் எழுதியிருந்தால் மா.கன்னியம்மாள், மூ.கன்னியம்மாள் என்று தெரிந்திருக்கும். ஆங்கிலத்தில் இரண்டும் எம்.

சரிபார்க்கும்போதாவது தெரிந்திருக்க வேண்டாமா? ஏ பிரிவு மிஸ் பட்டியலில் கன்னியம்மாளைத் தேடினாள், இருந்தாள், டிக் போட்டாள். பி பிரிவு மிஸ்ஸும் தேடினாள், இருந்தாள், அதே பெயருக்கு இன்னொரு டிக் போட்டாள். ஒரு பெயருக்குப் பக்கத்தில் இரண்டு டிக் இருந்ததை நானும் பார்த்தேன். போட்டோக்களை ஏற்றும்போது ஒன்று மிச்சம் வந்தது. இரட்டைப் பின்னல், அதே மூக்கு, அதே முகச் சாயல். ஒரே பெண் இரண்டு போட்டோ கொடுத்திருக்கிறாள் என்று மேசை டிராயரில் போட்டு மூடினேன்.

தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஹால் டிக்கெட் வந்து எல்லாருக்கும் கொடுத்தாயிற்று. மறுநாள் மதியம் ஒரு பெண் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள்.

"மிஸ், என் ஹால் டிக்கெட் வரல மிஸ்."

"பேரென்ன?"

"கன்னியம்மாள். டென் பி."

"கன்னியம்மாளுக்கு நேத்தே கொடுத்தாச்சேம்மா."

"அது அவ மிஸ். டென் ஏ. நான் அம்மு."

நான் டிராயரைத் திறந்தேன். போட்டோ அங்கேயே இருந்தது. அதையும் அவளையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

லேபுக்கு ஓடினேன். அவள் பழைய பட்டியலின் பிரதியைத் திறந்தாள், பிறகு என்னோடு வந்து சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டி அப்பா பெயர்களைப் பார்த்தாள். மாரி. மூர்த்தி. 'நீங்கதானேக்கா எடுக்கச் சொன்னீங்க' என்று அவள் சொல்வாள், சொல்வாள் என்று நான் காத்திருந்தேன். சொல்லவில்லை.

பிரின்சிபால் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார். "அட்டெண்டன்ஸ் பத்தலைன்னு சொல்லிடலாம். ஜூன்ல துணைத் தேர்வு வருது, எழுதிக்கட்டும். மூணு மாசம்தானே, என்ன குடி முழுகிப் போச்சு?"

"சார், அந்தப் பொண்ணு ஒருநாள்கூட லீவு போடல" என்றாள் மிஸ்.

"அப்போ ஸ்கூல் தப்புன்னு எழுதித் தரணும்ங்கறீங்களா? நான் தர மாட்டேன்."

"நான் எழுதித் தரேன் சார். எடுத்தது நான்தான்."

பிரின்சிபால் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

சாயந்திரம் அம்முவின் அம்மா வந்தாள். கேளம்பாக்கம் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு நேராக உள்ளே வந்தாள்.

"இன்னா மிஸ் இது அநியாயமா கீது? ஒரே வூட்ல ரெண்டு பொண்ணு கீது. ஒண்ணு பரிச்சைக்குப் போவும், ஒண்ணு என்னோட கூடை தூக்கினு வரணுமா? ரெண்டுத்துக்கும் எங்க மாமியா பேரு வெச்சது எங்க குத்தமா?"

"ஜூன் மாசம் எழுதலாம்மா" என்றேன் நான். அதைச் சொன்ன நாக்கு என்னுடையதுதான்.

"ஜூனாம், ஜூன்! அவ அப்பன் எப்படா சாக்குக் கெடைக்கும்னு காத்துக்கினு கீறான். இப்ப வூட்டுல குந்த வெச்சா அப்பால யாரு மிஸ் அவளை அனுப்புவாங்க? மாப்ள பாக்கறேன்னு கெளம்பிடுவான். அவ மூஞ்சியப் பாத்து நான் இன்னான்னு சொல்லுவேன்?"

மிஸ் எழுந்து அவள் முன்னால் போய் நின்றாள். "உங்க பொண்ணு பேரை எடுத்தது நான்தான்மா. ரெண்டு பேர் இருக்காங்கன்னு எனக்குத் தெரியாமப் போச்சு. பரீட்சைக்குள்ள திருப்பி வாங்கித் தரேன்."

அந்த அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீதானா அந்த ஒண்ணு மிஸ்ஸு? வூட்ல எந்நேரமும் உன் பேச்சுத்தான். இந்த வேலை பண்ணிட்டியேமா நீ" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

திரும்பும்போது பஸ் வண்டலூரைத் தாண்டியதும் அவள் சொன்னாள். "கம்ப்யூட்டர்ல பேரை எடுத்தா ஆளு உள்ளேயே இருக்கும்க்கா. இங்க பேரை எடுத்தா ஆளே இல்லன்னு ஆயிடுது." ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். தப்பு என்னுடையது என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

மறுநாள் காலை கடிதத்தோடு வந்தாள். தேர்வு அலுவலகத்துக்கு அவள் பெயரில் எழுதியது. 'யாரிடமும் கேட்காமல் நானாகவே அந்த மாணவியின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன். இதில் அலுவலகப் பணியாளர் எவருக்கும் பொறுப்பில்லை' என்று இருந்தது.

"என்ன மிஸ் இது? நீ என்னைக் கேட்டியே."

"கேட்டேன்க்கா. உங்களுக்கு ரெண்டு பசங்க படிக்கறாங்க. உங்க வீட்டுக்காரருக்கு இன்னும் வேலை கிடைக்கல. திட்டு வாங்க ரெண்டு பேர் எதுக்கு?"

இரண்டு பேர் செய்த தப்பை ஒருத்தி செய்ததாக மாற்றி எழுதியிருந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பள்ளிக்கூட முத்திரையை மையில் ஒற்றி, அந்தக் கடிதத்தின் கீழே நேராகக் குத்திக் கொடுத்தேன். கோணலாக விழுந்துவிடக் கூடாதே என்று இரண்டு கையாலும் அழுத்தினேன்.

அவளும் அம்முவும் அந்த அம்மாளும் நாலு நாள் அலைந்தார்கள். ஒரு மேசையில் பட்டியல் மூடியாகிவிட்டது என்றார்கள். இன்னொரு மேசையில் பதிவேட்டின் நகல் கேட்டார்கள். நான் நகல் எடுத்து அனுப்பினேன். என் பங்கு அவ்வளவுதான். தேர்வுக்கு முதல் நாள் மத்தியானம் ஹால் டிக்கெட் கிடைத்தது. பட்டியலின் கடைசியில் புது எண்ணாகச் சேர்த்திருந்தார்கள். மறுநாள் கன்னியும் அம்முவும் ஒரே ரிப்பன் கட்டி ஒன்றாகப் போய் எழுதினார்கள். இரண்டு பேருமே பாஸ். அம்முவுக்கு மார்க் கொஞ்சம் அதிகம்.

மே மாதம் பிரின்சிபால் மிஸ்ஸைக் கூப்பிட்டு, அடுத்த வருஷத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எழுத்தில் ஒப்புக்கொண்டவளை எப்படி வைத்துக்கொள்வது என்று என்னிடமே நியாயம் பேசினார். நான் அன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை. பயம்தான், வேறென்ன? போகும் நாளில் லேபில் இருந்த முப்பது கம்ப்யூட்டரையும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுப் போனாள். இரும்புலியூர் வீட்டையும் கொஞ்ச நாளில் காலி செய்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அவள் நம்பர் வேறு யாருக்கோ போய்விட்டது.

போன மாதம் ஆபீஸ் வாசலில் ஓர் இளம்பெண் வந்து நின்றாள். வேலையில் சேர, இங்கே படித்ததற்குச் சான்றிதழ் கேட்கிறார்கள் என்றாள். பெயரைக் கேட்பதற்கு முன்பே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. டிராயரில் கிடந்த அந்தப் போட்டோவை நான் எத்தனை தடவை எடுத்துப் பார்த்திருக்கிறேன்!

"கம்ப்யூட்டர் மிஸ் இப்ப எங்க மிஸ் இருக்காங்க?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா."

"நாலு நாள் எங்ககூட வெயில்ல அலைஞ்சாங்க. எங்கம்மா இன்னும் சொல்லிட்டே இருக்கும், தப்பு பண்ணவளே வந்து திருத்திட்டுப் போனான்னு."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "அம்மு, அவங்க தப்பு பண்ணல. ஒரே பொண்ணுதானான்னு என்கிட்ட கேட்டாங்க. ஒரே பொண்ணுதான், எடுத்துடுன்னு சொன்னது நான்" என்றேன். இத்தனை வருஷம் கழித்து, அதுவும் ஆபீசில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்துத்தான் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. மேசைமேல் இருந்த படிவத்தை என் பக்கம் திருப்பி, ஒரு விரலால் தொட்டுக் காட்டினாள்.

"இனிஷியல் போடாதீங்க மிஸ். மூர்த்தின்னு முழுசா எழுதுங்க."

எழுதினேன். அவள் அதை எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டு போனாள்.